நாலு பாதை, ஒரு பெட்டி

இது நாங்கள் விட்ட ஒரு பிழையைப் பற்றியது. கணினி வேலை செய்யாத ஆட்களும் வாசிக்கலாம். இடையில் கொஞ்சம் வயரும் சுவிட்சும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் எங்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லைதான்.

நாங்கள் மூன்று பேர். ஒருத்தி வவுனியா, ஒருவன் ஹற்றன், ஒருவன் கொட்டாஞ்சேனை. கொழும்பில் ஒரு தனியார் மருத்துவப் பரிசோதனை நிறுவனத்தின் சேர்வர் அறையில் வேலை. பெயர் வேண்டாம். இரத்தம் எடுத்து, மெஷினில் போட்டு, வருகிற இலக்கங்களை அறிக்கையாக்கி வார்டுக்கும் வீட்டுக்கும் அனுப்புகிற இடம். அந்த அறிக்கைகள் இருக்கிற டேட்டாபேஸ் விழாமல் பார்ப்பதுதான் எங்கட வேலை. விழாமல் இருக்கிறவரைக்கும் நாங்கள் அங்கே இருப்பதே ஒருத்தருக்கும் தெரியாது.

விழாமல் பார்ப்பதற்கு என்ன செய்வார்கள்? இரண்டு சேர்வர் வைப்பார்கள். ஒன்று வேலை செய்யும், மற்றது பார்த்துக்கொண்டு நிற்கும். முதலாவது செத்தால் இரண்டாவது எழும்பும். இதைத்தான் கிளஸ்டர் என்கிறோம். ஆனால் அறிக்கைகள் முதலாவது சேர்வரின் வயிற்றுக்குள் இருந்தால், அது சாகும்போது அவையும் சேர்ந்து போய்விடும். ஆகவே டிஸ்க்குகளை இரண்டுக்கும் வெளியே, ஸ்டோரேஜ் என்ற தனிப் பெட்டியில் வைப்பார்கள். இரண்டு சேர்வரும் வயர் வழியாக அதே பெட்டியைப் பார்க்கும். எழுதுவது மட்டும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இந்தக் கடைசி வசனத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

சேர்வரும் ஸ்டோரேஜும் பிரிந்தவுடன் புதுப் பிரச்சினை ஒன்று வருகிறது. நடுவில் இருக்கிற வயர் அறுந்தால்? ஆகவே வயரும் இரண்டு. ஒவ்வொரு சேர்வரிலும் இரண்டு நெட்வேர்க் கார்ட், நடுவில் இரண்டு சுவிட்ச், ஸ்டோரேஜ் பெட்டிக்குள் இரண்டு கொன்ட்ரோலர். முதல் கார்ட் முதல் சுவிட்சுக்கு, இரண்டாவது கார்ட் இரண்டாவது சுவிட்சுக்கு. ஒவ்வொரு கொன்ட்ரோலரிலிருந்தும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு வயர். எண்ணிப் பார்த்தால் ஒரு சேர்வரிலிருந்து டிஸ்க்குக்குப் போக 4 பாதை. பெரிய வங்கிகள் இதற்கு ஃபைபர் சனல் என்ற விலை கூடின சாமானைப் போடும். எங்களுடையது ஐஸ்கஸி, சாதாரண நெட்வேர்க் வயரில் டிஸ்க் கட்டளைகளை அனுப்புகிற முறை. மலிவு. ஒழுங்காகக் கட்டினால் நல்லாகவே ஓடும்.

இப்போது லினக்ஸுக்கு ஒரு குழப்பம். பாதை 4 என்றால் அதன் கண்ணுக்கு டிஸ்க்கும் 4. எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று நாலு பெயர் வைத்து நாலு வேறு டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும். எங்கட ஊர்களில் ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், பெடியள் கூப்பிடுகிற பட்டப்பெயர் ஒன்று, பிறப்பத்தாட்சியில் இன்னொன்று. நாலும் ஒரே ஆள்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டால் முடிந்தது. டிஸ்க்குக்கும் அப்படி ஒரு இலக்கம் உண்டு, டபிள்யூ டபிள்யூ ஐடி என்பார்கள். மல்டிபாத் என்ற மென்பொருள் நாலு முகத்திடமும் அந்த இலக்கத்தைக் கேட்டு, ஒன்றாக இருந்தால் நாலையும் கட்டி எம்பாத்-ஏ என்று ஒரே பெயர் கொடுக்கும். பிறகு நீங்கள் அந்தப் பெயரை மட்டும்தான் தொடவேண்டும். எந்தப் பாதையால் போவது, ஒன்று அறுந்தால் எதற்கு மாறுவது என்பதெல்லாம் அதன் பாடு.

இங்கேயே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. எம்பாத்-ஏ, எம்பாத்-பி என்ற பெயர்களை ஒவ்வொரு சேர்வரும் தன்னுடைய கோப்பில் தானே எழுதிவைத்துக்கொள்கிறது. முதல் சேர்வரில் எம்பாத்-ஏ என்று இருக்கிற அதே டிஸ்க் இரண்டாவதில் எம்பாத்-பி ஆக இருக்கலாம். தனிச் சேர்வருக்கு இது பரவாயில்லை, கிளஸ்டருக்குச் சரிவராது. அடையாள இலக்கத்துக்கு நேரே நாங்களே ஒரு பெயரை எழுதி, அந்த வரியை இரண்டு சேர்வரிலும் ஒரேமாதிரிப் போடவேண்டும். இதை எங்களுக்குச் சொல்லித்தந்தது அண்ணை.

அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. முழு ஏற்பாட்டையும் கட்டினது அவர்தான். பருத்தித்துறைக்காரர், அதிகம் கதைக்கமாட்டார், எதைச் செய்தாலும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதிவைப்பார். 2022 முடிவில் கனடா போய்விட்டார். அந்த வருடம் போகாத ஆட்களைத்தான் விரல்விட்டு எண்ணலாம். போகும்போது ஒரு கிழமை எங்களோடு இருந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். நாங்கள் தலையாட்டினோம். கொப்பி லாச்சிக்குள் போனது.

அந்த இரவுக்கு வருவோம். 2023, மழைக்காலம், ஒரு சனிக்கிழமை. முதல் சுவிட்சுக்கு ஃபேர்ம்வெயார் புதுப்பிக்கவேண்டியிருந்தது. அதற்குச் சுவிட்ச் ஒருமுறை நின்று எழும்பவேண்டும். மல்டிபாத் பட்டியலைப் பார்த்தோம். நாலு பாதையும் பச்சைக்கொடி: செயலில், தயார், ஓடுகிறது. சுவரில் அண்ணை ஒட்டிவிட்டுப் போன படத்தைப் பார்த்தோம், இரண்டு சுவிட்ச், ஒவ்வொன்றிலும் இரண்டு பாதை. ஒன்று நின்றால் இரண்டு பாதை போகும், இரண்டு மிஞ்சும். இதற்காகத்தானே இவ்வளவு காசு? ஆய்வுகூடத்துக்கு அறிவிக்கக்கூட இல்லை. இரவு 1.10க்கு என்டரைத் தட்டினோம்.

இரண்டு பாதை போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நாலும் போனது.

திரையில் நாலு வரியிலும் ஒரே சொல். டேட்டாபேஸ் அப்படியே உறைந்துபோய் நின்றது. பிழைச்செய்தி இல்லை, விழவும் இல்லை, சும்மா நின்றது. கொல்லப் பார்த்தால் சாகவும் இல்லை. டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கிற ஒரு வேலையை லினக்ஸில் எந்தக் கட்டளையாலும் கொல்லமுடியாது. பத்து நிமிடத்தில் கீழிருந்து ஃபோன். நைட் டியூட்டி அக்கா. "தம்பி, ஸ்கிறீன் சுத்திக்கொண்டே நிக்குது. டெங்கு வார்டில இருந்து பிளேட்லெட் கேக்கினம், என்ன செய்யிறது?"

டெங்குக்காரருக்கு பிளேட்லெட் எண்ணிக்கை எவ்வளவு அவசரம் என்று இந்த நாட்டில் ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் மூன்று பேரின் வீட்டிலும் யாராவது ஒருவர் அந்த இலக்கத்துக்காக இரவிரவாக வாங்கில் இருந்திருக்கிறோம்.

இந்த இடத்தில் கிளஸ்டர் தானாகவே ஏதாவது செய்திருக்கவேண்டும். எங்கள் கிளஸ்டரை நடத்துவது பேஸ்மேக்கர் என்ற மென்பொருள். அது டேட்டாபேஸைத் தட்டிப் பார்த்தது, பதில் இல்லை. நிறுத்தப் பார்த்தது, நிற்கவில்லை. நிறுத்தமுடியாத ஒன்றை இன்னொரு சேர்வரில் தொடங்கினால் இரண்டு பேர் ஒரே டிஸ்க்கில் எழுதுவார்கள். ஆகவே அது முதலில் உறைந்த சேர்வரின் மின்சாரத்தையே வெட்டிவிட்டு, செத்தது நிச்சயம் என்று தெரிந்தபிறகுதான் மற்றதை எழுப்பும். இந்த வெட்டுக்கு ஸ்டோனித் என்று பெயர். ஆங்கிலத்தில் அதை விரித்தால் 'மற்றவனின் தலையில் சுடு' என்று வரும். எங்கட வீடுகளில் விளங்கப்படுத்தக்கூடிய பெயர் இல்லை அது. வைத்தவர்களுக்குப் பகிடியாக இருந்திருக்கும்.

எங்கள் கிளஸ்டரில் அது நிறுத்தப்பட்டிருந்தது. எப்போதோ சோதனையில் ஒரு சேர்வரைத் தேவையில்லாமல் வெட்டிவிட்டது என்று, 'பிறகு பார்ப்போம்' என யாரோ நிறுத்தியது. வெட்டவும் வழியில்லை, நகர்த்தவும் துணிவில்லை என்று பேஸ்மேக்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. உண்மையில் அந்த அறையில் அந்த நேரம் சரியாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. முகாமையாளர் ஃபோனில், அக்கா மற்ற ஃபோனில். சுவிட்ச் ஐந்து நிமிடத்தில் எழும்பும் என்று நினைத்தோம், பன்னிரண்டாவது நிமிடமும் எழும்பவில்லை. சரி, கையாலேயே இரண்டாவது சேர்வரில் எழுப்புவோம் என்று முடிவெடுத்தோம். அங்கே போய் அதே டிஸ்க்கை மவுண்ட் செய்யக் கட்டளை கொடுத்தோம். அந்தக் கட்டளையும் பதில் சொல்லாமல் நின்றது. 'கொஞ்சம் மெதுவா வருது போல' என்றோம். இரண்டாவது சேர்வரில் ஒரே ஒருமுறை மல்டிபாத் பட்டியலை எடுத்துப் பார்த்திருந்தால், அங்கேயும் நாலு பாதையும் செத்திருப்பது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. முதல் சேர்வரின் மின்சாரத்தை வெட்டியிருந்தாலும் தப்பியிருப்போம். அதையும் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருந்த சேர்வரை அணைக்கப் பயம்.

1.24க்கு சுவிட்ச் எழும்பியது. பாதைகள் திறந்தன. முதல் சேர்வரில் பதினான்கு நிமிடமாக வரிசையில் நின்ற எழுத்துகள் எல்லாம் டிஸ்க்கை நோக்கி ஓடின. அதே நேரம் இரண்டாவது சேர்வரில் நின்ற எங்கட மவுண்ட்டும் உள்ளே போய், அரைகுறையாக இருந்த பதிவேட்டைத் தானே திருத்தத் தொடங்கியது. பூட்டியிருந்த ரயில் கடவை திறந்ததும் இரண்டு பக்கத்து வாகனமும் ஒரே நேரத்தில் நடுவுக்கு வருமே, அதுதான்.

இரண்டு நிமிடம் எல்லாம் சரிபோல இருந்தது. ஒருவன் சிரித்தும்விட்டான். பிறகு டேட்டாபேஸ் தன் பக்கங்கள் தனக்கே விளங்கவில்லை என்று கத்தத் தொடங்கியது.

காலை ஆறரை வரைக்கும் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறோம். இரவு 11 மணிக்கு எடுத்த பேக்கப் வேறொரு இடத்தில் நல்லபடி இருந்தது, அதிலிருந்து மீட்டோம். 11 மணியிலிருந்து 1.10 வரைக்குமான பதிவுகள் போய்விட்டன. அவற்றை மீட்க உதவக்கூடிய லொக் கோப்புகள் அதே டிஸ்க்கில்தான் இருந்தன, அதுவும் எங்கட கெட்டித்தனம். இரத்தம் பரிசோதிக்கிற மெஷின்கள் தங்கள் பங்குக்குக் கடதாசியில் அடித்துவைத்திருந்தன. அக்கா அந்தக் கடதாசிகளை அடுக்கித் தந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தோம், ஒருவர் வாசிக்க ஒருவர் அடிக்க மற்றவர் சரிபார்க்க.

டெங்கு வார்டின் இலக்கம்? அது ஒன்றரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்கிறீன் சுத்திக்கொண்டிருந்தபோதே அக்கா மெஷினின் கடதாசியைப் பார்த்து பிளேட்லெட் எண்ணிக்கையை பேனையால் ஒரு துண்டில் எழுதி, கையெழுத்து வைத்து, வாசலில் குடையோடு நின்ற நோயாளியின் தகப்பனிடமே குடுத்து அனுப்பியிருந்தார். விதிப்படி அப்படிச் செய்யக்கூடாது. வார்டுக்கு ஃபோன் எடுத்து இலக்கத்தை இரண்டுதரம் வாசித்தும் இருக்கிறார். நாங்கள் அடித்த கடதாசிகளில் அந்தப் பெயரும் வந்தது. ஒன்பது வயது.

திங்கட்கிழமை கூட்டம். முதல் கேள்வி, யார் அந்த மவுண்ட்டைக் குடுத்தது? நாங்கள் என்றோம். நாங்கள் என்றால் யார்? நாங்கள்தான். அந்தக் கட்டளையை அடித்த விரல் யாருடையது என்று அன்றைக்குச் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லமாட்டோம். வீரம் காட்ட இல்லை. ஒருவர் அடித்தார், ஒருவர் 'அடி' என்றார், ஒருவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றில் எது பெரிய பிழை என்று இன்றைக்கும் எங்களுக்குள் முடிவில்லை. மூன்று பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு.

ஆனால் கேட்கவேண்டிய கேள்வியை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சுவிட்ச் நின்றால் ஏன் நாலு பாதையும் போனது?

அன்று பின்னேரம் எங்களில் இளையவள் ரோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு ராக்குக்குப் பின்னால் போய், ஒவ்வொரு வயரையும் கையால் பிடித்துக்கொண்டே கடைசி வரை போனாள். அரை மணித்தியாலம். வெளியே வந்து சொன்னாள்: "எல்லாமே முதல் சுவிட்சுக்குத்தான் போகுது. ரெண்டாவதில நம்மட ஒண்டுமே இல்ல." இரண்டாவது சுவிட்சில் விளக்குகள் மினுங்கிக்கொண்டுதான் இருந்தன. அவை வேறு ஏதோ சில்லறை வயர்கள்.

இரவு அண்ணைக்கு வட்ஸ்அப்பில் எடுத்தோம். அவருக்கு அங்கே காலை, வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தார். சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டார். "ஓமடா, மாத்தினது நான்தான். கரண்ட் வெட்டு நேரம், வந்த கரண்ட் ஒருக்கா அடிச்சதில ரெண்டாவது சுவிட்ச் எரிஞ்சு போச்சு. புதுசு எடுக்க டொலர் இல்லையெண்டு சொல்லிப்போட்டினம். என்ன செய்யிறது, எல்லாத்தையும் முதலாவதிலயே செருகினேன். கொப்பியில எழுதியிருப்பனே."

2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்கள் எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். சாமான் இறக்குமதியும் நின்றுபோன காலம். அண்ணை செய்தது அந்த நேரத்துக்குச் சரி. பிறகு புதுச் சுவிட்ச் வந்தது, ராக்கில் ஏற்றினார்கள், விளக்கு எரிந்தது, எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். அண்ணைக்கு விசாவும் வந்தது. வயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

லாச்சியிலிருந்து கொப்பியை எடுத்தோம். நடுப்பக்கம் ஒன்றில், சிவப்புப் பேனையால், அடிக்கோடு போட்டு: 'சு. 2 வந்ததும் வயர் 4ஐயும் திருப்பி மாத்த வேணும். மறக்கக்கூடாது.' கொப்பி எங்கட கையிலிருந்து மூன்றடி தூரத்தில் ஒரு வருடமாகக் கிடந்திருக்கிறது.

மல்டிபாத் பொய் சொன்னதா? இல்லை. அது பாதையின் இரண்டு நுனியை மட்டும்தான் பார்க்கும். சேர்வரில் எந்தக் கார்ட், ஸ்டோரேஜில் எந்தப் போர்ட். நடுவில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஆட்களுக்கு இது சுலபமாக விளங்கும். குடாநாட்டுக்குள் நுழைய ஏ9இல் ஆனையிறவு ஒரு வாசல், 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபிறகு பூநகரியால் இன்னொரு வாசல். ஒன்றை வெள்ளம் மறித்தால் மற்றதால் போகலாம், நல்ல விசயம். ஆனால் புத்தளம், அனுராதபுரம் வழியாக வருகிற பஸ்ஸுக்கு மதவாச்சி வரைக்கும் ஒரே றோட்டுத்தான். அங்கே எங்காவது பாலம் தாண்டு தண்ணி ஓடினால் இரண்டு வாசலும் திறந்திருந்து என்ன பிரயோசனம்? யாழ்ப்பாணத்தில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டு பாதை தெரியும். புத்தளத்துத் தண்ணி தெரியாது.

சரி, திருத்தினோம். புறக்கோட்டையில் சிவப்பு, நீல நிற டேப் வாங்கி வந்து ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் சுற்றினோம். சிவப்பு முதல் சுவிட்ச், நீலம் இரண்டாவது. நிறம் மாறிச் செருகியிருந்தால் கதவிலிருந்தே தெரியும். படத்தை நம்பாமல் கையால் தொட்டுப் பார்த்துப் புதுப் படம் வரைந்தோம்.

பிறகு அடுத்த விசயம், இதில்தான் நாங்கள் கனநாள் சண்டைபிடித்தோம். எல்லாப் பாதையும் போனால் மல்டிபாத் என்ன செய்யவேண்டும்? அமைப்புக் கோப்பில் நோ பாத் ரீட்ரை என்று ஒரு வரி இருக்கிறது. 'கியூ' என்று போட்டால், பாதை திரும்பும்வரை எவ்வளவு நேரமானாலும் எழுத்துகளைப் பிடித்துவைத்துக் காத்திருக்கும். 'ஃபெயில்' என்று போட்டால் உடனேயே இல்லையென்று சொல்லிவிடும். ஃபைல் சிஸ்டம் பயந்து தன்னைப் பூட்டிக்கொள்ளும், டேட்டாபேஸ் விழும். எங்களுடையது 'கியூ'. அண்ணை போட்டது.

காத்திருப்பது நல்லதுதானே என்றான் ஹற்றன்காரன். அந்த இரவில் நாங்கள் ஒன்றும் செய்யாமல் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தால், 1.24க்கு பாதை திரும்பி, வரிசையில் நின்றதெல்லாம் எழுதப்பட்டு, பதினான்கு நிமிடத் தாமதத்தோடு எல்லாம் தொடர்ந்திருக்கும். ஒரு பதிவும் போயிருக்காது. அவன் சொல்வது உண்மை, கேட்கக் கசப்பாக இருந்தாலும்.

ஆனால் இன்னொரு இரவை நினைத்துப் பாருங்கள் என்றாள் வவுனியாக்காரி. முதல் சேர்வரின் கார்ட்கள் மட்டும் எரிந்துபோகின்றன, இரண்டாவது சேர்வருக்குப் பாதை எல்லாம் நல்லாக இருக்கிறது. முடிவில்லாமல் காத்திருக்கிற முதல் சேர்வர் தனக்கு ஏலாது என்று ஒருநாளும் வாய்திறந்து சொல்லாது. தனிச் சேர்வர் என்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பக்கத்தில் ஒரு ஆள் கைகொடுக்க நிற்கும்போது, ஏலாது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் போட்டோம், 12. பாதையைச் சோதிக்கிற இடைவெளி 5 வினாடி, ஆகவே எல்லாம் போனபின் ஏறத்தாழ 60 வினாடி காத்திருக்கும். பிறகு கைவிடும். கைவிட்டால் பேஸ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ள அதற்குக் கை வேண்டும், ஆகவே ஸ்டோனித்தைத் திரும்பப் போட்டோம். சேர்வரின் மின்சாரத்தைத் தனி வயரால் வெட்டுகிற ஏற்பாடு, டிஸ்க் வலையமைப்போடு சம்பந்தமில்லாதது. இது இல்லாத கிளஸ்டரை கிளஸ்டர் என்றே சொல்லக்கூடாது என்பது எங்கட அபிப்பிராயம். இரண்டு சேர்வரை ஒரே டிஸ்க்கில் மாட்டிவிட்டு அதைப் போடாமல் விடுவது, இரண்டு சாரதிக்கு ஒரே ஸ்டியரிங்கைக் குடுப்பது மாதிரி.

பிறகு சோதனை. போயா தினம், ஆய்வுகூடத்தில் கூட்டம் குறைவு, அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லி, கடதாசியும் பேனையும் தயாராக வைத்து. ஒரு வயரை இழுத்தோம், கையில் கைக்கடிகாரம். டேட்டாபேஸ் நின்றது. நின்றது. இரண்டு நிமிடம் தாண்டியது. பிறகுதான் மற்றப் பாதைக்கு மாறியது. மூன்று நல்ல பாதை பக்கத்தில் இருக்க ஏன் இவ்வளவு நேரம்?

காரணம் ஐஸ்கஸியின் பக்கம். வயர் போனால் திரும்ப வருமா என்று அது தானே 120 வினாடி பார்த்துக்கொண்டிருக்கும், அதற்குப் பிறகுதான் மல்டிபாத்திடம் கையை விரிக்கும். ஒரே பாதை இருக்கிற இடத்துக்கு அந்தப் பொறுமை நல்லது. எங்களுக்கு வேண்டாம். 10 ஆகக் குறைத்தோம். திரும்ப இழுத்தோம். திரும்பவும் இரண்டு நிமிடம்! ஒரு பகல் முழுக்கத் தலையைப் பிய்த்தபிறகுதான் கண்டுபிடித்தோம்: பொதுக் கோப்பில் மாற்றினால் இனிமேல் புதிதாகக் கண்டுபிடிக்கிற இணைப்புக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொரு இணைப்பும் பழைய இலக்கத்தைத் தன் சொந்தப் பதிவில் வைத்திருக்கிறது. அவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றி, வெளியேறித் திரும்ப உள்நுழையவேண்டும். அதற்குப்பிறகு 20 வினாடிக்குள் மாறியது. இதே வேலை செய்கிற யாராவது வாசித்தால் அந்த ஒரு பகலாவது உங்களுக்கு மிஞ்சட்டும்.

இரண்டு கொன்ட்ரோலரிலும் ஒன்றுதான் அந்த டிஸ்க்குக்குச் சொந்தக்காரன், அதன் வழியால் போனால் வேகம், மற்றதன் வழியால் சுற்றிப் போகவேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. மல்டிபாத் பட்டியலில் ஒரு சோடிக்கு 50, மற்றச் சோடிக்கு 10 என்று வருவது அதனால்தான். நாலையும் சமமாகப் பாவிக்காமல் முன்னுரிமைப்படி பிரிக்கச் சொல்லியிருக்கிறோம். அது இப்போது ஒழுங்காக ஓடுகிறது, ஆகவே அதைப் பற்றி இதற்கு மேல் கதை இல்லை.

வயரெல்லாம் முடிந்து ஆறுதலாக இருந்த ஒரு நாள், இளையவள் திரும்பவும் ரோர்ச்சோடு போனாள். இந்தமுறை மின்சார வயர்களை. சிவப்பு டேப் சுவிட்சும் நீல டேப் சுவிட்சும் பின்னால் ஒரே யூபிஎஸ்ஸில் செருகியிருந்தன. ஸ்டோரேஜின் இரண்டு பவர் வயரும் அதிலேயே. இரண்டாவது யூபிஎஸ் வேண்டும் என்று கடிதம் எழுதினோம். 'அடுத்த வருடப் பாதீட்டில் பார்ப்போம்' என்று வந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதால் என்று அமைச்சர் சொன்னாரே, நாடு முழுக்க இருண்ட அந்த நாள், எங்கட அறையில் அந்த ஒற்றை யூபிஎஸ்தான் ஜெனரேட்டர் எழும்பும்வரை தாங்கினது. மூன்று பேரும் அதன் முன்னால் நின்று அதன் பீப் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் அதே கடிதத்தைத் திகதி மட்டும் மாற்றித் திரும்ப அனுப்பினோம். குரங்கைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தோம், சேர்க்கவில்லை.

கொப்பி இப்போது லாச்சிக்குள் இல்லை. ராக்கின் கதவில் ஒரு கொழுவியில் தொங்குகிறது, பேனையும் நூலில் கட்டி. அண்ணையின் பக்கங்களுக்குப் பிறகு எங்கட எழுத்து தொடங்குகிறது, மூன்று விதமாக. 'தற்காலிகம்' என்று எதையாவது எழுதினால் பக்கத்தில் திகதி போடவேண்டும், அந்தத் திகதிக்கு மற்ற இரண்டு பேரில் ஒருவர் போய்க் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். போன மாதம் புதுப் பொடியன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். ஹற்றன்காரனுக்கு கட்டாரில் வேலை சரிவந்துவிட்டது, ஆவணி முடிய வெளிக்கிடுகிறான்.

அடுத்த சோதனை வருகிற போயாவுக்கு. அக்காவுக்குச் சொல்லியாயிற்று. இந்தமுறை வயரை இழுக்கப்போவது புதுப் பொடியன். எந்த வயர் என்று நாங்கள் சொல்லமாட்டோம், கொப்பியைப் பார்த்து அவனே கண்டுபிடிக்கவேண்டும்.